2147483647: இந்த எண் உங்களுக்கு எங்கே எதிர்ப்பட்டது?

நானே தொடங்குகிறேன். ஒரு கடையின் பில்லிங் மென்பொருளைச் சரிபார்க்கப் போயிருந்தேன். வாடிக்கையாளர் பட்டியலைத் திறந்தால் ஏறக்குறைய எல்லோருக்கும் ஒரே போன் நம்பர்: 2147483647. மைஎஸ்கியூஎல் என்ற டேட்டாபேஸின் டேபிளில் போன் நம்பருக்கு யாரோ 'இன்ட்' என்ற முழு எண் வகையைக் கொடுத்திருக்கிறார்கள். அதில் அடங்கும் உச்ச எண் 2^31 − 1. நம் மொபைல் நம்பர்களோ 6, 7, 8, 9-இல் தொடங்குபவை. எல்லாமே அதைத் தாண்டிவிடும். பழைய செட்டிங்கில் அது பிழை என்று சொல்லாது, கமுக்கமாக உச்ச எண்ணையே எழுதி வைத்துவிடும். ஒரு டெல்லி லேண்ட்லைன் மட்டும் 011-இன் பூஜ்யத்தை இழந்து தப்பியிருந்தது. இந்த 2147483647 ஒரு பகா எண் என்பது அப்புறம்தான் தெரிந்தது.

கணக்கு வாத்தியார்:
அதைக் கால்குலேட்டர் இல்லாமல் காட்டியவர் ஆய்லர், 1772-இல். பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இதைச் செய்து காட்டுவேன். வர்க்கமூலம் 46,341-க்குச் சற்றுக் கீழே. அதுவரை உள்ள பகா எண்கள் நாலாயிரத்துச் சொச்சம். ஒவ்வொன்றாக வகுத்தால் பீரியட் அல்ல, வாரமே போய்விடும். ஆனால் p என்ற பகா எண் இதை வகுக்கிறது என்றால், 2-இன் அடுக்குகளை p-ஆல் வகுக்கையில் 31 படிக்கு ஒருமுறைதான் மீதி 1 வரும். ஃபெர்மாவின் தேற்றப்படி p−1-ஆவது படியிலும் மீதி 1. ஆக p−1 என்பது 31-இன் மடங்கு. p ஒற்றைப்படை என்பதால் 62-இன் மடங்கு. கூடவே, p-ஐ 8-ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 7 வர வேண்டும். இரண்டையும் சேர்த்தால் 248k+1, 248k+63 என்ற வடிவங்களே மிஞ்சும். அவற்றில் பகா எண்கள் நூறுகூடத் தேறாது.

முதலில் 311, மீதி 35. அடுத்து 1303, மீதி 226. ஆளுக்கு ஒன்றாகப் பிரித்துக் கொடுத்தால் வகுப்பு சட்டென்று சூடு பிடித்துவிடும்.

1811-இல் பீட்டர் பார்லோ என்ற ஆங்கிலேயர், இந்தப் பகா எண்ணிலிருந்து கிடைக்கும் செவ்விய எண்ணைவிடப் (6 = 1+2+3 போல, தன்னைத் தவிர்த்த வகுஎண்களின் கூட்டுத்தொகைக்குச் சமமான எண்) பெரியதை யாரும் தேடப்போவதில்லை, அதனால் பயனில்லையே என்று எழுதினார். பாவம். 2024-இல் 2^136279841 − 1 பகா எண் என்று கண்டுபிடித்தாயிற்று. 4 கோடியே 10 லட்சம் இலக்கங்களுக்கு மேல்!

சிமுலேஷன் பக்கத்திலிருந்து:
பயனில்லை என்றதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பழைய புரோகிராம் ஒன்றைப் புதுக் கம்ப்யூட்டருக்கு மாற்றியபோது, சரிபார்க்க ரேண்டம் எண்களை அச்சிட்டேன். விதையாக, அதாவது தொடக்க எண்ணாக, 1 கொடுத்தால் 16807, 282475249, 1622650073 என்று இரண்டிலும் அப்படியே வந்தது. முறை எளிது: முந்தைய எண்ணை 16807-ஆல் பெருக்கி, 2147483647-ஆல் வகுத்து, மீதியை எடு. 1988-இல் பார்க், மில்லர் இருவரும் பரிந்துரைத்தது. வகுக்கும் எண் பகா எண்ணாக இருப்பதும், 16807 அதாவது 7^5 அதற்கு முதன்மை மூலமாக (அடுக்குகளின் மீதிகளில் பூஜ்யம் தவிர எல்லா எண்ணும் வரும்படி) அமைவதும் சேர்ந்துதான் 1 முதல் 2147483646 வரை ஒவ்வொன்றும் ஒரே ஒரு முறை வந்த பிறகே சுற்று திரும்புகிறது. இன்றைய சீரியஸான வேலைக்கு இந்தச் சுற்று போதாது, அது வேறு கதை. விதையாகப் பூஜ்யத்தை மட்டும் கொடுத்துவிடாதீர்கள், கடைசி வரை பூஜ்யமேதான் வரும்.