வடசென்னை: வன்முறைக்குத் தப்பி வந்த பெண்கள் தங்கும் காப்பகத்துக்கு உதவி. எதைக் கொடுக்கலாம், எதைக் கொடுக்கக் கூடாது?

தண்டையார்பேட்டை மொட்டைமாடி கேட்டது:

வணக்கம். தண்டையார்பேட்டை, பழைய வண்ணாரப்பேட்டை பக்கத்து ஆட்கள் 32 பேர் சேர்ந்த வாட்ஸ்அப் குழு எங்களது. வீட்டில் அடி உதை தாங்காமல் வெளியே வந்த பெண்களும் குழந்தைகளும் தங்குற ஒரு காப்பகத்துக்கு உதவலாம்னு இருக்கோம். நடத்துறது ஒரு டிரஸ்ட். அவங்க அலுவலகம் தெரியும், காப்பகம் எங்கேன்னு சொல்ல மாட்டேங்கிறாங்க. பெண்களும் பிள்ளைகளுமா 25 பேர் இருப்பாங்களாம்.

கைவசம் இருக்கிறது: ரூ. 40,000 வரை வசூல், நாலு மூட்டை பழைய துணி, ஆறு பழைய ஸ்மார்ட்போன். ஒருத்தர் தன் பொண்ணு பிறந்தநாளுக்கு மதியச் சாப்பாடு போடணும்ங்கிறார். சனி, ஞாயிறு வந்து வேலை செய்ய எட்டு பேர் தயார். இதுல எது உபயோகம், எது தொந்தரவு? இடமே சொல்லாத ஆட்களை நம்பி எப்படிப் பணம் கொடுக்கிறதுன்னும் குழுவுல ரெண்டு பேர் கேக்குறாங்க.

ஸ்டோர் ரூம் சாவி எழுதியது:

இடம் சொல்லலைன்னா ஒழுங்கா நடத்துறாங்கன்னு அர்த்தம். பேசின் பிரிட்ஜ் தாண்டிட்டா யாரோ ஒருத்தருக்கு யாரோ ஒருத்தர் சொந்தம். உங்க 32 பேர்ல ஒருத்தர், தேடிக்கிட்டு இருக்கிற புருஷனோட மச்சானா இருந்தா? நம்பிக்கைக்கு முகவரி வேண்டாம், காகிதம் பாருங்க. பெண்கள், குழந்தைகள் விடுதி, இல்லங்களுக்கான 2014-ஆம் வருஷத்துத் தமிழ்நாடு சட்டப்படி உரிமம் எடுத்திருக்காங்களா, டிரஸ்ட் பதிவு, தணிக்கை செய்த போன வருஷக் கணக்கு. அலுவலகத்துலயே காட்டுவாங்க.

துணி மூட்டையை அப்படியே அனுப்பாதீங்க. முக்கால்வாசி புடவையா இருக்கும். பிளவுஸ், உள்பாவாடை இல்லாத புடவையை வெச்சுக்கிட்டு ஒரு பெண் என்ன பண்ணுவாங்க? கட்டின துணியோட ராத்திரி வந்து நிக்கிறவங்களுக்கு உடனே வேண்டியது நைட்டியும் உள்ளாடையும். உள்ளாடை புதுசாத்தான் இருக்கணும். அதனால நாலு மூட்டைக்குப் பதிலா பத்து அவசரப் பை கட்டிக் கொடுங்க. ஒரு பையில: காட்டன் நைட்டி 2 (ஒண்ணாவது முன்பக்கம் ஜிப் வெச்சது, கைக்குழந்தைக்காரங்களுக்கு), மேல போட்டுக்க ஒரு துப்பட்டா, உள்பாவாடை 1, உள்ளாடை 3, துண்டு 1, ரப்பர் செருப்பு, சோப்பு, பிரஷ், பேஸ்ட், சின்ன தேங்காய் எண்ணெய், சீப்பு, நாப்கின் ஒரு பாக்கெட், ஊக்கு ஒரு அட்டை, பொட்டு. உள்ளாடையையும் செருப்பையும் பைக்குள்ள போட்டுத் தைச்சுடாதீங்க. உள்ளாடை 80-லருந்து 100 வரை, செருப்பு 5-லருந்து 8 வரை தனித்தனியா கொடுத்தா ஆள் வந்ததும் அளவு பார்த்து எடுத்து வைப்பாங்க. எம்.சி. ரோட்டுல நைட்டி டஜனா எடுத்தா விலை படியும். சாயம் போகுதான்னு ஒண்ணை நனைச்சுப் பாருங்க. மலிவு மெரூன் கலர் பக்கத்துத் துணியை எல்லாம் கெடுத்துடும்.

சமைச்ச சாப்பாடு வேண்டவே வேண்டாம்ங்கிறது என் கருத்து. காலையில 10 மணிக்கு அண்டாவுல மூடின சாம்பார் சாதம் ட்ராஃபிக்குல சிக்கி 2 மணிக்கு வந்து, மிச்சம் ராத்திரிக்கு வெச்சா நொதிச்சுடும். அங்கே கர்ப்பிணிகளும் இருப்பாங்க, காயத்துக்கு மாத்திரை சாப்பிடுறவங்களும் இருப்பாங்க. கேட்டரிங் வண்டி வந்தா இடமும் தெரிஞ்சுடும். அன்னைக்கு ஆகுற மளிகைச் செலவைக் கட்டிடுங்க, பிறந்தநாள் சாப்பாடு அவங்க அடுப்புலயே ஆகும்.

25 பேருக்கு மாசக் கணக்கு, பிள்ளைகளையும் சேர்த்து: அரிசி 220 கிலோ கிட்ட, அதாவது 26 கிலோ மூட்டை எட்டரை. துவரம்பருப்பு 40 முதல் 45 கிலோ. எண்ணெய் ஒரு 15 லிட்டர் டின்னும் மேல நாலஞ்சு பாக்கெட்டும். ஆனா அரிசி மட்டும் கேட்காம வாங்காதீங்க. பொங்கல், தீபாவளின்னா எல்லாரும் அரிசிதான் தூக்கிட்டு வருவாங்க. மூணாவது மாசம் வண்டு விழுந்து, சலிச்சுப் புடைக்கவே ரெண்டு ஆள் வேணும். யாரும் கொடுக்காதது பருப்பு, பால் பணம், 19 கிலோ சிலிண்டர், ஃபினாயில், பேன் மருந்து, குழந்தை டயப்பர். வடகிழக்குப் பருவமழைக்கு முன்னாடின்னா இன்வெர்ட்டர் பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர், டார்ச், ஒரு வாரத்துக்கு உலர் மளிகை. வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை பக்கம் தண்ணி நின்னுட்டா கேன் வண்டியும் வராது, காய்கறி வண்டியும் வராது.

தண்டையார்பேட்டை மொட்டைமாடி:

நன்றிங்க. துணி விஷயம் இப்போதான் உறைக்குது. பணத்தை என் ஜிபேல வசூல் பண்ணி மொத்தமா அனுப்பலாமா? வருமான வரிக் கழிவுக்கு 80ஜி ரசீது கேக்குறாங்க. சிங்கப்பூர்ல இருந்து ரெண்டு பேர் போடுறேங்கிறாங்க.

பேரேடு எழுதியது:

உங்க ஜிபே வேண்டாம் சார். உங்க கணக்குல இருந்து போனா நன்கொடையாளர் நீங்க ஒருத்தர்தான், வரிச் சான்றும் உங்க பேர்லதான் வரும். ஒவ்வொருத்தரும் நேரா டிரஸ்ட் வங்கிக் கணக்குக்கு அனுப்பி, பேர், முகவரி, பான் எண் கொடுக்கணும். அதை வெச்சு டிரஸ்ட் வருமான வரித் துறையில நன்கொடை விவரம் தாக்கல் பண்ணி, நிதியாண்டு முடிஞ்சதும் நன்கொடைச் சான்று கொடுப்பாங்க. வெறும் ரசீதை நம்பி வரிக் கணக்குல எழுதினா துறையோட பதிவுல பொருந்தாது. ரொக்கம் ரூ. 2,000-க்கு மேல போனா கழிவு கிடையாது. அரிசி, நைட்டி மாதிரிப் பொருளுக்கும் கிடையாது. புதிய வரி முறையில இருக்கிறவங்களுக்கு 80ஜி-யே இல்லை, பாதிப் பேர் அதைத் தெரியாமத்தான் ரசீது கேக்குறாங்க.

சிங்கப்பூர்க்காரங்க கையில எந்த நாட்டு பாஸ்போர்ட்னு முதல்ல கேளுங்க. இந்திய பாஸ்போர்ட்டா இருந்து சொந்தச் சம்பாத்தியத்தை வங்கி வழியா அனுப்பினா சிக்கல் இல்லை. குடியுரிமை மாறியிருந்தா அது வெளிநாட்டு நன்கொடை. ஓசிஐ அட்டை (குடியுரிமை மாறின இந்திய வம்சாவளிக்காரங்களுக்குத் தர்றது) இருந்தாலும் அதேதான். டிரஸ்ட்டுக்கு எஃப்சிஆர்ஏ, அதாவது வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி பதிவு இருக்கணும், பணம் டெல்லி ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளையில அதுக்குன்னே இருக்கிற கணக்குலதான் முதல்ல விழணும். "ஊருக்கு வரும்போது ரூபாயா கொடுத்துடுறேன்"னு சொன்னாலும் சட்டம் மாறாது.

இன்னொண்ணு. 40,000-ஐ ஒரே தடவை கொடுக்கிறதை விட 32 பேரும் மாசம் 500 ரூபாய் தானா போற மாதிரி வங்கியில ஸ்டாண்டிங் இன்ஸ்ட்ரக்‌ஷன் போட்டா மாசாமாசம் 16,000 நிக்கும். ராத்திரி வார்டன் சம்பளத்துக்கும் கரண்ட் பில்லுக்கும் அதைத் தொடலாம். மானியம் தாமதமாகுற மாசம் முதல்ல அடிபடுறது அந்தச் சம்பளம்தான். "சம்பளத்துக்குப் போகக் கூடாது, சாப்பாட்டுக்குத்தான்"னு நிபந்தனை போடுறவங்களைப் பார்த்தா எனக்குப் புரியறதே இல்லை. ராத்திரி 2 மணிக்குக் கதவு திறக்க ஆள் வேண்டாமா?

ஹைகோர்ட் ஸ்டேஷன் எழுதியது:

போனைப் பத்தி யாரும் சொல்லலை. ரீசெட் பண்றதுக்கு முன்னாடி கூகுள் கணக்கை போன்லருந்து நீக்கணும். நீக்காம பவர், வால்யூம் பட்டன் அழுத்தி வர்ற ரிகவரி மெனு வழியா அழிச்சா, ஆன் பண்ணினதும் பழைய பாஸ்வேர்டு கேட்டு நின்னுடும், செங்கல்லுக்குச் சமம். சார்ஜரும் சேர்த்துக் கொடுங்க. இந்த போன் எதுக்கு வேணும்னா, வர்ற பெண்ணோட சொந்த போன்ல கணக்கு புருஷன் பேர்ல இருக்கும், லொகேஷன் அவனுக்குப் போய்க்கிட்டே இருக்கும். அதே ஆபத்து மத்ததுலயும் உண்டு. ஆதார் ஓடிபி அவன் நம்பருக்குப் போகும். ஸ்மார்ட் கார்டை எந்த ரேஷன் கடையில போட்டாலும் எஸ்எம்எஸ் அவனுக்கு அடிக்கும். நல்லது பண்றதா நினைச்சு தன்னார்வலர் யாரும் அவங்களை இ-சேவை மையத்துக்குக் கூட்டிட்டுப் போயிடாதீங்க. காப்பக சமூகப் பணியாளர் சொல்ற வரிசையிலதான் நம்பர் மாத்தணும்.

எட்டு பேருக்கு வேலை. பெண்கள்ல ரெண்டு பேர் கோர்ட்டுக்குத் துணை. 2005 குடும்ப வன்முறைச் சட்டத்துல 12-ஆவது பிரிவு மனுன்னா முதல் விசாரணை சாதாரணமா மூணு நாளுக்குள்ள, முடிக்க முயல வேண்டியது முதல் விசாரணையிலருந்து 60 நாளுக்குள்ள. நிஜத்துல வாய்தா மேல வாய்தா. துணை வேணும்னா சனி, ஞாயிறு உதவாது, ஒரு வார நாள் ஒதுக்கணும். ஆபத்து போகும்போது இல்லை, திரும்பும்போது. அவன் வீட்டு ஆள் ஒருத்தன் பைக்குல பின்னாலயே வருவான். கோர்ட் வாசல் ஆட்டோ ஸ்டாண்டுல "எங்கம்மா போணும்?"னு கேக்குறவன்கிட்ட வாய் தவறிப் பேட்டை பேரைச் சொல்லிடக் கூடாது. மெட்ரோவுல ஏறி வேற திசையில ரெண்டு ஸ்டேஷன் போய் இறங்கி, கூட்டத்துல நின்னு பார்த்துட்டு வண்டி மாறுங்க. சந்தேகம் வந்தா காப்பகத்துக்குப் போகாம அலுவலகத்துக்கு போன். எதிர்த்தரப்போட ஒரு வார்த்தையும் பேச்சு வேண்டாம், முக்கியமா சமாதானம் பேசக் கூடாது.

மத்தவங்க பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கலாம், அதுவும் டிரஸ்ட் சொல்ற இடத்துல. எட்டாம் வகுப்பு வரை டி.சி. இல்லைன்னு அரசுப் பள்ளி சேர்க்கையைத் தள்ள முடியாது, கல்வி உரிமைச் சட்டத்துலயே இருக்கு. ஆனா எமிஸ்ல (பள்ளிக் கல்வித் துறையோட மாணவர் பதிவுத் தளம்) பழைய பள்ளி பேரை விடுவிக்கும்போது "எந்த ஸ்கூல்ல சேர்றாங்க?"னு கேட்பாங்க, அங்கே தெரிஞ்சது அப்பாவுக்குத் தெரியும். அந்தப் பேச்சை அலுவலகத்துக்கே விட்டுடுங்க. காவல்துறை சரிபார்ப்புச் சான்று கேட்டா கோவப்படாம எடுத்துக் கொடுங்க. "எதுக்கும்மா வந்தே"ன்னு எந்தப் பெண்ணையும் கேக்காதீங்க. அவங்களே போலீஸ், டாக்டர், வக்கீல்னு அதை ஏற்கெனவே நாலு தடவை சொல்லியிருப்பாங்க.

ஸ்டோர் ரூம் சாவி:

விட்டுப் போச்சு. உங்க குழு பேர் வெளியே தெரிஞ்சதும் யாராவது பெண் உங்களுக்கே போன் பண்ணுவாங்க. உங்க வீட்டுல தங்க வைக்காதீங்க. 181 பெண்கள் உதவி எண்ல பேசச் சொல்லுங்க, உடனடி ஆபத்துன்னா 112. பாதிக்கப்பட்ட பெண்களுக்கான அரசு ஒருங்கிணைந்த சேவை மையத்துல அஞ்சு நாள் வரை தற்காலிகமா தங்கலாம். அங்கேருந்தோ குடும்ப வன்முறைச் சட்டப்படி அரசு நியமிச்ச பாதுகாப்பு அலுவலர் மூலமாவோ காப்பகத்துக்கு முறைப்படி அனுப்புவாங்க.

தண்டையார்பேட்டை மொட்டைமாடி:

குழுவுல போட்டாச்சு. பிறந்தநாள்காரர் மளிகைக்கு ஒத்துக்கிட்டார், ஆனா போட்டோ ஒண்ணாவது எடுக்கலாமான்னு கேக்குறார்.

ஸ்டோர் ரூம் சாவி:

மூட்டையை எடுக்கச் சொல்லுங்க. அலுவலகத்துல, பெயர்ப்பலகை தெரியாம.