விம்பிள்டனில் டென்னிஸ் மட்டும்தானா? ஏஎஃப்சி விம்பிள்டன் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

வைகைக்கரை:

நான் கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவன். கால்பந்து என்றால் மான்செஸ்டர் யுனைடெட், ஆர்சனல் என்று நாலு பெயர் தெரியும், அவ்வளவுதான். லண்டனில் வீடு கிடைத்தது பிளவ் லேனில், ரெனால்ட்ஸ் கேட் என்ற அடுக்குமாடிக் குடியிருப்பில். யார் அந்த ரெனால்ட்ஸ் என்று ஒருநாளும் யோசித்ததில்லை. கட்டிய பில்டர் பெயராக இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

போன வருடம் ஒரு சனிக்கிழமை மதியம் சைக்கிளைப் பூட்டிக்கொண்டிருந்தேன். எழுபதைத் தாண்டிய ஒரு பெரியவர், கழுத்தில் மஞ்சளும் நீலமுமாக ஒரு ஸ்கார்ஃப், வாசலில் நின்று கட்டடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வழி தெரியாமல் நிற்கிறாரோ என்று கிட்டே போனேன். கோட்டுப் பையிலிருந்து புதினா மிட்டாய் ஒன்றை எடுத்து நீட்டினார். "தம்பி, நீ பெனால்டி பாக்ஸுக்குள் சைக்கிளை நிறுத்தியிருக்கிறாய்" என்றார்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அப்புறம்தான் சொன்னார். 1912 முதல் 1991 வரை விம்பிள்டன் கிளப்பின் மைதானம் இதே இடத்தில்தான் இருந்ததாம். எடி ரெனால்ட்ஸ் பில்டர் இல்லை, ஸ்ட்ரைக்கர். 1963இல் வெம்ப்ளியில் நடந்த அமெச்சூர் கோப்பை இறுதியாட்டத்தில் சட்டன் யுனைடெட்டை 4-2 என்று ஜெயித்தபோது நாலு கோலையும் போட்டவர் அவர். நாலுமே தலையால் முட்டியவை. பெரியவர் அதைச் சொல்லும்போது தன் நெற்றியை நாலு தடவை தட்டிக் காட்டினார்.

1977இல்தான் அந்தக் கிளப் இங்கிலாந்தின் மேல் நாலு பிரிவுகளைக் கொண்ட லீக்கிலேயே நுழைந்திருக்கிறது. அங்கே கடைசிப் பிரிவில் தொடங்கி, ஒன்பதே வருடத்தில், 1986இல், முதல் பிரிவுக்கு ஏறிவிட்டார்கள். 1989இல் ஹில்ஸ்பரோ மைதான நெரிசலில் ரசிகர்கள் இறந்த விபத்துக்குப் பிறகு பெரிய கிளப்புகளின் மைதானங்களில் எல்லோருக்கும் இருக்கை வேண்டும் என்று சட்டம் இறுகியது. இந்தப் பழைய மைதானம் அதற்குத் தோதாக இல்லை என்று 1991இல் கிரிஸ்டல் பேலஸ் கிளப்பின் செல்ஹர்ஸ்ட் பார்க்கில் வாடகைக்குப் போனார்கள். திரும்பி வரவே இல்லை. கடைசியில் முதலாளிகள் கிளப்பை மில்டன் கீன்ஸுக்குக் கொண்டுபோக அனுமதி கேட்டார்கள். அது சுமார் 90 கிலோமீட்டர் தள்ளி இருக்கிற ஊர். கால்பந்துச் சங்கம் அமைத்த மூன்று பேர் கொண்ட குழு 2002 மே 28 அன்று சரி என்றது. இருவர் ஒரு பக்கம், ஒருவர் மறுபக்கம்.

இரண்டே நாளில், மே 30 அன்று, ரசிகர்கள் புதிதாக ஒரு கிளப் தொடங்கிவிட்டார்கள். அதுதான் ஏஎஃப்சி விம்பிள்டன். அந்தப் பெரியவரோடு அன்றைக்கே ஒரு மேட்ச் பார்த்தேன். புது மைதானம் என் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம், பழைய நாய்ப் பந்தய மைதானம் இருந்த இடம்.

இங்கே வேறு யாருக்காவது இந்தக் கிளப்போடு ஏதாவது அனுபவம் உண்டா?

கடைக்காரர்:

உண்டு தம்பி. நாங்கள் ரூட்டிங் என்று எழுதுகிற (நீங்கள் டூட்டிங் என்பீர்கள்) ஊரில் நான் 1987இலிருந்து இருக்கிறேன். வந்த அடுத்த வருடம்தான் விம்பிள்டன் லிவர்பூலோடு மோதிய அந்த எஃப்ஏ கோப்பை இறுதியாட்டம். ஒரு அறையில் ஆறு பேர், ஒரு சின்ன ரீவி. ஆறு பேரும் லிவர்பூல் ஆட்கள். ஜோன் பார்ன்ஸ் விளையாடுகிறார், பிறகென்ன! முதல் பாதியில் விம்பிள்டனின் லோரி சான்செஸ் தலையால் ஒன்று போட்டுவிட்டார். லிவர்பூலுக்குத் தண்ட உதை கிடைத்தபோது சமன்தான் என்று எழும்பி நின்றோம். ஓல்ட்ரிட்ஜ் அடிக்க, கோல்காப்பாளர் டேவ் பீசன்ட் இடப்பக்கம் பாய்ந்து தள்ளிவிட்டார். வெம்ப்ளியில் எஃப்ஏ கோப்பை இறுதியாட்டமொன்றில் தண்ட உதையைத் தடுத்த முதல் ஆள் அவர்தான். தெரு முழுக்கச் சத்தம். நாங்கள் ஆறு பேரும் ரீவியை நிற்பாட்டிவிட்டுச் சோறு போட்டுச் சாப்பிட்டோம்.

பிறகு நான் கரட் லேனில் கடை போட்டேன். காலையில் பேப்பர் வாங்க வருகிற ஒரு வெள்ளைக்கார மனுசன் இருந்தார். பேப்பரோடு புதினா மிட்டாய் ஒரு பைக்கற்றும் வாங்குவார். (வைகைக்கரை, நீங்கள் மிட்டாய் என்றதும் எனக்குச் சந்தேகமாக இருக்கிறது.) 2002 மே மாதக் கடைசியில் ஒருநாள் வந்தார். பேப்பரை எடுத்தார், முதல் பக்கத்தைப் பார்த்தார், திருப்பி வைத்துவிட்டுப் போய்விட்டார். மிட்டாயும் வாங்கவில்லை. அந்த நேரம் ஊரில் சமாதானப் பேச்சு, ஏ9 பாதை திறந்து ஒன்றரை மாதம். எங்கள் காணி மட்டும் உயர்பாதுகாப்பு வலயத்துக்குள், முள்ளுக்கம்பிக்கு அங்கால். அந்த மனுசனுக்கு என்ன நடந்தது என்று எனக்கு ஒருத்தரும் விளங்கப்படுத்தத் தேவையிருக்கவில்லை.

ஒரு கிழமையால் திரும்பி வந்தார். புதுக் கிளப்பாம், விம்பிள்டன் கொமன் திடலில் ஆள் தெரிவாம், கிளப் இல்லாத எவனும் வரலாமாம். என் கடையில் நின்ற பெடியன் ஊரில் பாடசாலை அணிக்கு விளையாடினவன். அவனையும் போகச் சொன்னார். ஜூன் 29, சனிக்கிழமை. கடையில் அவனில்லாமல் நான்தான் பால் பெட்டி தூக்கினேன். 230 பேர் வந்திருந்தார்களாம். எங்கள் பெடியன் மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னமே திரும்பி வந்துவிட்டான். சப்பாத்து வழுக்கிவிட்டது என்று இன்றைக்கும் சொல்லிக்கொண்டு திரிகிறான்.

ஜூலை 10 முதல் ஆட்டம், சட்டனில். நாலாயிரத்துக்கு மேல் சனம் போய், நாலுக்குப் பூச்சியம் என்று தோற்றார்கள். அடுத்த நாள் காலை அந்த மனுசன் வந்த முகத்தைப் பார்க்க வேண்டும். நாலு கோல் வாங்கிவிட்டு வந்து அப்படிச் சிரித்த ஒருவரை நான் வேறு எங்கும் காணவில்லை.

எம்கே அப்பா:

நான் எதிர்க்கட்சி. மில்டன் கீன்ஸில் பத்து வருடமாக இருக்கிறேன். பையன் பிறந்தது இங்கே. பள்ளிக்கூடத்துச் சிநேகிதர்களோடு சேர்ந்து எம்கே டான்ஸ் ரசிகனாகிவிட்டான். இங்கே கொண்டுவந்த அந்த விம்பிள்டன் கிளப்பின் புதுப் பெயர்தான் அது. பெரிய மைதானம், முப்பதாயிரம் பேர் உட்காரலாம். பிள்ளை பிறந்த ஊரின் அணியை அவன் ஆதரிப்பதில் என்ன தப்பு? 2002இல் நடந்ததற்கு எட்டு வயதுப் பையனா பொறுப்பு?

சரி, அனுபவத்தைச் சொல்கிறேன். 2024 மார்ச் 2, பிளவ் லேனில் ஆட்டம். அவன் அடம்பிடித்ததால் கூட்டிப்போனேன். வாசலிலேயே புரிந்துவிட்டது, எங்களை இங்கே யாரும் 'டான்ஸ்' என்று சொல்லமாட்டார்கள். வெறும் எம்கேதான். அந்தப் பட்டப்பெயர் அவர்களுடையதாம். ஆட்டம் கோலே இல்லாமல் முடிகிறது என்று கோட்டு ஜிப்பை மேலே இழுத்துக்கொண்டிருந்தேன். 94ஆவது நிமிடம், ரோனன் கர்ட்டிஸ் அடித்தார். எங்களைத் தவிர மொத்த மைதானமும் குதித்தது. காலடியில் தரை அதிர்ந்ததை இன்றும் மறக்க முடியவில்லை.

ஹேடன்ஸ் ரோடு ஸ்டேஷனில் பையன் ஸ்கார்ஃபை உள்ளே சுருட்டி வைத்திருந்தான். ஒரு நுனி வெளியே நீட்டிக்கொண்டிருந்ததைப் பக்கத்தில் நின்ற ஒருவர் பார்த்துவிட்டார். மஞ்சள் நீலத் தொப்பி போட்டவர். எந்த ஊர் என்று பையனைக் கேட்டார். இவன் ஊர்ப் பெயரைச் சொன்னான். அவர் ஒரு நிமிடம் பேசவில்லை. பிறகு, "2014இல் மான்செஸ்டர் யுனைடெட்டை 4-0 என்று அடித்தீர்களே, அந்த ஒரு ராத்திரி மட்டும் உங்களைப் பிடித்திருந்தது" என்றார். ரயில் வந்ததும் எங்கள் பெட்டியில் ஏறாமல் அடுத்த பெட்டியில் ஏறிக்கொண்டார்.

இரவுப்பணி:

பக்கத்து ஆஸ்பத்திரியில் நர்ஸ். எனக்குக் கால்பந்து தெரியாது, இருந்தாலும் எழுதலாம் அல்லவா?

2020 ஏப்ரல். நான் திருச்சியிலிருந்து வந்து ஏழு மாதம்தான். எனக்குக் காய்ச்சல், கணவருக்கு வேலை போய்விட்டது, வெளியே போகக் கூடாது. கூட வேலை செய்த அக்கா ஒரு நம்பர் கொடுத்தார். மறுநாள் கதவு தட்டும் சத்தம். திறந்தால் ஆள் இல்லை. இரண்டு பைகள், கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்று கையசைக்கிற ஒருவர், சட்டையில் கழுகு போட்ட சின்னம். கால்பந்து ரசிகர்கள் சேர்ந்து சூப்பர் மார்க்கெட் வாசலில் நின்று சாமான் கேட்டு வாங்கி, வீடு வீடாகக் கொடுக்கிறார்கள் என்று பிறகுதான் தெரிந்தது. டான்ஸ் லோக்கல் ஆக்‌ஷன் குரூப் என்று பெயர். பிள்ளைகள் வீட்டிலிருந்து படிக்கப் பழைய லேப்டாப்களைச் சரிசெய்துகூடக் கொடுத்தார்கள்.

பையில் பாஸ்தா, உருளைக்கிழங்கு, தக்காளிச் சாறில் ஊறிய பீன்ஸ் டப்பா ஆறு. அந்த பீன்ஸ் ஒரே இனிப்பு. கடுகு, காய்ந்த மிளகாய், பூண்டு தட்டிப்போட்டுத் தாளித்துக் கொட்டிச் சுண்டவிட்டேன். சோற்றுக்கு மோசமில்லை. அடுத்த வாரம் அவர் வந்தபோது ஜன்னல் வழியாக வாசனை போயிருக்கிறது. என்ன சமையல் என்று தெருவிலிருந்தே கேட்டார். நீங்கள் கொடுத்த பீன்ஸ்தான் என்றேன். நம்பவே இல்லை. அதற்கடுத்த வாரம் பையில் வெங்காயமும் பச்சை மிளகாயும் இருந்தன!

அந்த நவம்பர் 3 அன்று புது மைதானத்தில் முதல் ஆட்டம், டான்காஸ்டரோடு. 29 வருடம் காத்திருந்து திரும்பி வந்தும் கொரோனாவால் ரசிகர்களை உள்ளே விடவில்லை. அடுத்த ஆகஸ்டில் போல்ட்டனோடு 3-3 ஆனபோதுதான் முழுக் கூட்டம். அன்றைக்கு எனக்கு டியூட்டி இல்லை. போனேன். ஆஃப்சைடு என்றால் என்னவென்று பக்கத்தில் நின்றவர் மூன்று தடவை சொல்லிக்கொடுத்தார். இன்றுவரை பிடிபடவில்லை.

மஞ்சள்நீலம்:

எல்லோரும் கதை சொல்லிவிட்டீர்கள், யாரும் ஆட்டத்தைப் பற்றிப் பேசவில்லையே. நான் கிங்ஸ்மெடோ காலத்து ஆள். கிங்ஸ்டனில் இருந்த அந்தச் சின்ன மைதானத்தில் நின்றுகொண்டு பார்ப்போம். இங்கிலாந்துக் கால்பந்து ஏணியில் ஒன்பதாவது படியில் தொடங்கிய கிளப். 2003 பிப்ரவரியிலிருந்து 2004 டிசம்பர்வரை லீக்கில் 78 ஆட்டம் தோற்கவில்லை. 2011இல் லூட்டனைப் பெனால்டியில் வென்று லீக்குக்குள் வந்தோம். கடைசி உதை கேப்டன் டேனி கெட்வெல். மறுபடியும் அதே ஒன்பது வருடம். 2016 மே 30, கிளப் பிறந்து சரியாகப் பதினாலு வருடம் முடிந்த நாளில், வெம்ப்ளியில் பிளிமத்தை வென்று லீக் ஒன், அதாவது மூன்றாம் பிரிவு. 2022இல் பல மாதம் ஒரு ஆட்டம்கூட ஜெயிக்காமல் கீழே விழுந்தோம். அந்த வசந்த காலத்தைப் பற்றி எழுத எனக்குத் தெம்பில்லை.

ஜானி ஜாக்சன் பயிற்சியாளராக வந்த பிறகு அணி மெல்ல மெல்லச் சேர்ந்தது. இராக்கில் பிறந்து, குழந்தையாக இருக்கும்போதே அகதியாக லிவர்பூலுக்கு வந்த அலி அல் ஹமாதி ஒரு வருடம் எங்களிடம் கோல் மேல் கோல் போட்டார். 2024 ஜனவரியில் இப்ஸ்விச்சுக்கு விற்றோம். அந்த ஆகஸ்டிலேயே, பிரீமியர் லீக்குக்குப் போயிருந்த இப்ஸ்விச்சை லீக் கோப்பையில் பெனால்டியில் வீழ்த்தினோம். அடுத்து நியூகாஸில் எங்கள் மைதானத்துக்கு வரவேண்டியது. செப்டம்பர் மழையில் வாண்டில் ஆறு பொங்கி, புல்தரையில் ஒரு பக்கம் அப்படியே உள்வாங்கிப் பள்ளம் விழுந்துவிட்டது. கடைசியில் நாங்கள்தான் அங்கே போய் ஆடி 1-0 என்று தோற்றோம். பள்ளத்தை மூட நடந்த வசூலில் நியூகாஸில் ரசிகர்களும் பணம் போட்டார்கள். முதலாளி என்று ஒரு கோடீஸ்வரர் எங்களுக்கு இல்லை, டான்ஸ் டிரஸ்ட் என்ற ரசிகர் சங்கத்திடம்தான் கிளப் இருக்கிறது. ஆளுக்கு ஒரு ஓட்டு. அதனால் பள்ளம் விழுந்தால் எங்கள் பையில்தான் விழும்.

அதே சீசனில் மறுபடி லீக் ஒன்னுக்கு உயர்ந்த அணியைச் சொல்லவா? நடுவில் கேப்டன் ஜேக் ரீவ்ஸ். 2016 அணியிலும் இருந்தவர், இடையில் வேறு கிளப்புகளைச் சுற்றிவிட்டு வந்தவர். பின்னால் ஜோ லூயிஸ், ரயன் ஜான்சன்; இவர்கள் நிற்கும்போது எனக்கு ரத்த அழுத்தம் ஏறுவதில்லை. எங்கள் அகாடமியில் வளர்ந்த ஐசக் ஒகுண்டெரேயை எனக்குத் தனியாகப் பிடிக்கும். முன்னால் மாத்யூ ஸ்டீவன்ஸ், லெபனானுக்கு ஆடுகிற ஒமர் பூகியெல். பூகியெல் கோல் போடுவதைவிட டிஃபென்டர்களை இடித்துக் களைக்க வைப்பதில்தான் கெட்டிக்காரர். கோல்கீப்பர் ஓவன் குட்மேன் கிரிஸ்டல் பேலஸிலிருந்து கடனாக வந்தவர். வாடகைக்கு இருந்த வீட்டுக்காரரிடமே ஆள் வாங்கியது மாதிரி! மேலே ஏறுவதற்கான பிளே ஆஃப் மூன்று ஆட்டங்களிலும் ஒரு கோல்கூட வாங்கவில்லை. 2025 மே 26, வெம்ப்ளி. நெடுநாள் முதலிடத்தில் இருந்து கடைசியில் சறுக்கிய வால்சால் எதிரே. முதல் பாதி முடியப்போகும் நேரத்தில் மைல்ஸ் ஹிப்பொலைட் ஒன்று போட்டார். அவ்வளவுதான், மிச்ச நேரமெல்லாம் கடிகாரத்தைப் பார்த்தபடியே நின்றோம்.

கடனாக வந்த குட்மேன் திரும்பிவிட்டார். வலப்பக்கம் ஓடி ஓடிக் களைத்த ஜோஷ் நியூஃபவில் பிராட்ஃபோர்டுக்குப் போய்விட்டார். அவர் போனதுதான் எனக்குப் பெரிய குறை. எங்கள் அளவு கிளப்புக்கு லீக் ஒன்னில் தாக்குப்பிடிப்பதே பெரிய காரியம்.

எம்கே அப்பா, உங்கள் பையனிடம் எனக்கு ஒரு கோபமும் இல்லை. ஆனால் நானும் அடுத்த பெட்டியில்தான் ஏறியிருப்பேன்.

கடைக்காரர்:

வைகைக்கரை, அந்த மிட்டாய் மனுசன் கொஞ்சம் உயரமோ? கதைக்கும்போது ஒரு கண்ணைச் சுருக்குவாரோ? 2019இல் கடையை விற்ற பிறகு நான் அவரைக் காணவில்லை. கொரோனா நேரம் என்ன ஆனாரோ என்று மனைவியிடம் எத்தனையோ தரம் கேட்டிருக்கிறேன். அடுத்த முறை கண்டால் கரட் லேன் பேப்பர் கடை ஞாபகம் இருக்கா என்று ஒருக்கால் கேளுங்கோ.

வைகைக்கரை:

கேட்டேன் அண்ணா. இந்தச் சனிக்கிழமை மேட்சுக்கு முன்னால் அதே இடத்தில் நின்றார். கடையைச் சொன்னதுமே கண்ணைச் சுருக்கினார். நீங்கள் கடையை மூடிய வாரம் ஐந்து பவுண்டு நோட்டு கொடுத்தாராம், சில்லறை இல்லை என்று நாளைக்கு வரச் சொன்னீர்களாம். மறுநாள் வந்தால் ஷட்டர் போட்டிருந்ததாம். பாக்கி மூன்று பவுண்டு நாற்பது பென்ஸை நீங்களே நேரில் கொண்டுவந்து தரவேண்டுமாம், தெற்குப் பக்கம் நிற்கிற இடத்தில், கோல் கம்பத்துக்கு நேர் பின்னால்.