ஜான் தாம்சனுக்கு ஜூரி கொடுத்த 14 மில்லியன் டாலரைப் பிடுங்கியது நியாயமா?

தெற்குவாசல்:
மதியம் கேன்டீனில் தொடங்கிய சண்டை, அங்கே முடியவில்லை. அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ்காரர் ஜான் தாம்சன், 1985-இல் கைதானார். ஒரு கொலை, ஒரு கொள்ளை முயற்சி, இரண்டையும் அவர் மேல் போட்டார்கள். மாவட்ட அரசு வழக்கறிஞர் அலுவலகம் கொள்ளை வழக்கை முதலில் எடுத்தது. அதில் தண்டனை விழுந்துவிட்டால் கொலை வழக்கில் அவர் கூண்டேறி வாய் திறக்க முடியாது. திறந்தால் பழைய தண்டனையைக் கிளறுவார்கள். நினைத்தபடியே நடந்தது, மரண தண்டனை. 18 வருஷம் சிறை, அதில் 14 வருஷம் சாவுக்குக் காத்திருந்தது. 1999-இல் தேதியும் குறித்தாகிவிட்டது. ஒரு மாதம் இருக்கும்போது அவருடைய வக்கீல்கள் வைத்த துப்பறிவாளர் ஆய்வக மைக்ரோஃபிச்சில் (ஆவணங்களைச் சிறிதாக்கிப் படம்பிடித்த பிலிம்) ஓர் அறிக்கையைக் கண்டுபிடித்தார். கொள்ளையன் விட்டுப்போன ரத்தம் பி வகை. தாம்சனுடையது ஓ. கொள்ளைத் தண்டனை ரத்தானது, பிறகு கொலைத் தண்டனையும். 2003-இல் கொலை வழக்கின் மறுவிசாரணையில் ஜூரி (பொதுமக்களிலிருந்து எடுத்த நடுவர் குழு) 35 நிமிடத்தில் விடுதலை செய்தது. அப்புறம், தங்கள் வக்கீல்களுக்குச் சரியான பயிற்சி கொடுக்கவில்லை என்று அந்த அலுவலகத்தின் மேல் போட்ட நஷ்டஈடு வழக்கில் ஜூரி கொடுத்தது 14 மில்லியன் டாலர். 2011-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5-4 என்று அதை ரத்து செய்தது.

வரிகட்டி:
கதை கேட்க வயிறு எரிகிறது, சரி. ஆனால் பணம் யார் பையிலிருந்து போகும்? தப்பு செய்த வக்கீல் பையிலிருந்து இல்லை, ஊர்ப்பணம். ஓர் ஊழியன் ஆதாரத்தை ஒளித்தால் அதற்கு ஊரே ஏன் தண்டம் கட்ட வேண்டும்?

குறிஞ்சிப்பூ:
ஓர் ஊழியனா? நீதிபதி கின்ஸ்பர்க் மாறுபட்ட தீர்ப்பில் குறைந்தது ஐந்து அரசு வழக்கறிஞர்கள் என்று எழுதியிருக்கிறார். விசாரணை தொடங்கிய நாளன்று அவர்களில் ஒருவர் போலீஸ் சாமான் அறையில் கையெழுத்துப் போட்டு எல்லாத் தடயத்தையும் வாங்கிப் போகிறார். நீதிமன்றத்தின் சாமான் அறைக்கு மற்றதெல்லாம் வந்து சேர்கிறது, ரத்தக்கறைத் துணி மட்டும் வரவில்லை. அதே ஆள் 1994-இல் புற்றுநோயில் சாகக் கிடக்கும்போது ஆதாரத்தை ஒளித்ததை நண்பரிடம் ஒப்புக்கொள்கிறார். நண்பரும் அந்த அலுவலகத்தில் வேலை பார்த்தவர்தான். ஐந்து வருஷம் மூச்சு விடவில்லை.

பழைய வக்கீல்:
சட்டம் கொஞ்சம் சொல்கிறேன், அப்புறம் அடித்துக்கொள்ளுங்கள். அரசு வழக்கறிஞர் மேல் தனியாக வழக்குப் போட முடியாது. வழக்கு நடத்தும் வேலையில் அவருக்கு முழு விலக்கு என்று 1976-லேயே தீர்ப்பு. உள்ளாட்சி அமைப்பு மேல் போடலாம், 1978-லிருந்து. ஆனால் முதலாளி என்பதற்காக மட்டும் பொறுப்பாக்க முடியாது. அமைப்பின் சொந்தக் கொள்கையோ வழக்கமோ காரணம் என்று காட்ட வேண்டும். பயிற்சி கொடுக்காததும் அதில் அடங்கும், தெரிந்தே அலட்சியமாக விட்டிருந்தால். தண்டனை நிலுவையில் இருக்கும்போதே தப்பான தண்டனைக்குப் பணம் கேட்கவும் வழியில்லை. முதலில் தண்டனை ரத்தாக வேண்டும், அது 1994 தீர்ப்பு.

வரிகட்டி:
அதைத்தானே சொல்கிறேன். சட்டம் படித்து, வக்கீல் தேர்வு எழுதி வந்தவனுக்கு ஆதாரத்தை ஒளிக்காதே என்று தனியாகப் பாடம் வேண்டுமா? நீதிபதி தாமஸ் எழுதிய பெரும்பான்மைத் தீர்ப்பே அந்த வழியில்தான் போகிறது. அதே பக்கம் நின்ற நீதிபதி ஸ்காலியா கேட்டது இன்னும் நேரடி: வேண்டுமென்றே ஒளித்தவனை எந்தப் பயிற்சி தடுத்திருக்கும்?

குறிஞ்சிப்பூ:
வேண்டுமென்றே ஒளித்தால் பயிற்சியால் பயனில்லை, தெரியாமல் ஒளித்தால் படித்தவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். எந்தப் பக்கம் போனாலும் தாம்சனுக்குக் கதவு சாத்தியிருக்கிறது, பார்த்தீர்களா? அலுவலகத் தலைவர் ஹாரி கானிக், 1974-இல் பதவிக்கு வந்ததோடு சட்டப் புத்தகம் படிப்பதையும் தீர்ப்புகளைப் பார்ப்பதையும் விட்டுவிட்டேன் என்று ஒப்புக்கொண்டவர். (பாடகர் ஹாரி கானிக் ஜூனியரின் அப்பா.) தலைவரே இப்படி இருந்தால், கீழே இருப்பவனுக்கு எல்லாம் தெரியும் என்று எதை வைத்து நம்புவது?

வரிகட்டி:
நீங்கள் சொல்வது கானிக் மோசமான அதிகாரி என்பது. அதை நான் மறுக்கவில்லை. மக்கள் அவரைத் திரும்பத் திரும்பத் தேர்ந்தெடுத்தார்கள்.

தெற்குவாசல்:
அப்படியென்றால் அந்த மக்களின் பணம் போவதில் என்ன தப்பு, அண்ணே?

பழைய வக்கீல்:
தம்பி நல்ல இடத்தில் பிடித்தார். எனக்கு உறுத்துவது வேறு. தாம்சன் வழக்குக்கு முந்தைய பத்தாண்டில் இதே அலுவலகம் வாங்கிய 4 தண்டனைகள், சாட்சியத்தை மறைத்ததற்காக லூசியானா நீதிமன்றங்களில் ரத்தாயின. அவற்றில் ரத்தப் பரிசோதனை அறிக்கை சம்பந்தப்படவில்லை, அதனால் அவை எச்சரிக்கை ஆகாது என்றார்கள் பெரும்பான்மை நீதிபதிகள். வாதமாகப் பொருந்துகிறது. ஆனால் வீட்டில் நாலு தடவை திருட்டுப் போய், ஐந்தாவது முறை ஜன்னல் வழியாக வந்தான், முன்பு வாசல் வழியாகத்தானே வந்தான் என்று சொல்வது போல இருக்கிறது.

வரிகட்டி:
அந்த நாலு வழக்குக்காக நான் ஓரளவு இறங்கி வருகிறேன். இருந்தாலும் இப்படித் தண்டனை பெற்றவர்களுக்கு மாநிலமே சட்டப்படி நஷ்டஈடு கொடுக்க வேண்டும். ஒவ்வொரு ஜூரியும் ஒரு தொகை சொல்வது சரிவராது.

குறிஞ்சிப்பூ:
அந்தத் தொகையை ஜூரி சும்மா சொல்லவில்லை. சாவுக்குக் காத்திருந்த 14 வருஷத்துக்கு 14 மில்லியன். வேறு எந்தக் கணக்கு போட்டிருப்பீர்கள்? அவர் 2017-இல் இறந்துவிட்டார்.