சினையாயிருக்கும் காப்பக நாயை மார்கழிக் குளிரில் மலைக்குக் கொண்டுவரலாமா?

கேட்பவர்: தேயிலைமேடு (கோத்தகிரி)

அனைவருக்கும் வணக்கம். கோவையிலுள்ள நாய்கள் காப்பகம் ஒன்றில் சினையான பெட்டை நாய் இருக்கிறது. ஸ்கேன் எடுத்ததில் ஏறத்தாழ 40 நாள் என்கிறார்கள். நெரிசல் மிகுந்த அந்த இடத்தில் ஈன்றால் குட்டிகள் தேறுவது கடினம் என்பதால், ஈன்று, பால் மறந்து, தத்துக் கொடுக்கும்வரை வைத்துக்கொள்ள யாரேனும் முன்வருவார்களா என்று கேட்டிருந்தார்கள். பணி ஓய்வுக்குப் பிறகு வீட்டில் நானும் கணவரும் மட்டுமே இருக்கிறோம். ஓர் அறையும் காலியாக உள்ளது. ஆனால் சமவெளியிலேயே வளர்ந்த நாய், கணக்குப்படி மார்கழி முதல் வாரத்தில் ஈனும். எங்களிடம் 9 வயதான நாய் ஒன்றும் உண்டு. அழைத்துவருவது சரியா, வந்தால் அறையை எப்படி ஆயத்தப்படுத்துவது என்று அனுபவமுள்ளவர்கள் கூற வேண்டுகிறேன்.

குன்னூர்க்காரி

தாராளமாக அழைத்து வாருங்கள், அம்மா, ஆனால் தாமதிக்காதீர்கள். நாயின் சினைக்காலம் சராசரியாக 63 நாள். புதிய வீடும் புதிய மனிதர்களும் பழகுவதற்குக் குறைந்தது இரண்டு வாரமாவது கிடைக்காவிட்டால், ஈனும் நேரத்தில் அது மிரண்டு இடம் தேடி அலையும். கொண்டை ஊசி வளைவுகளில் வாந்தி எடுக்கக்கூடும் என்பதால், புறப்படுவதற்குச் சில மணி நேரம் முன்பே உணவை நிறுத்திவிடுங்கள்.

குளிரைப் பொறுத்தவரை கவலை தாய்க்காக அன்று, குட்டிகளுக்காக. பிறந்த குட்டியால் முதல் இரண்டு வாரம் தன் உடற்சூட்டைத் தானே காத்துக்கொள்ள இயலாது. முதல் வாரம் குட்டிகள் படுக்கும் இடத்தில் 30 டிகிரி செல்சியஸ் அளவு வெப்பம் வேண்டும்; வெப்பமானியைச் சுவரில் மாட்டாமல் குட்டிகளின் மட்டத்திலேயே வைக்க வேண்டும். சிமெண்டுத் தரை சூட்டை உறிஞ்சிவிடும். ஆதலால் தாய் ஈன்று குட்டிகளோடு படுக்கும் பெட்டியைப் பலகைக் கட்டைகளின்மேல் தூக்கி வையுங்கள். சூடு தரும் விளக்கைப் பெட்டியின் ஒரு மூலைக்கு மட்டும் காட்டினால், தாய்க்குப் புழுங்கும்போது விலகிப் படுக்க இடமிருக்கும். மழைக்கு மரம் விழுந்து மின்சாரம் போவது நமக்குப் புதிதல்லவே. துண்டில் சுற்றிய வெந்நீர்ப் புட்டிகள் எப்போதும் தயாராக இருக்கட்டும். மூடிய அறையில் கரிக் கணப்பு மட்டும் வேண்டவே வேண்டாம். முதல் முறை நான் அந்தத் தவற்றைச் செய்து, நள்ளிரவில் தலைசுற்றி எழுந்து சன்னலைத் திறந்தேன்.

குளிர்ந்துபோன குட்டிக்குப் பதறிப்போய்ப் பால் புகட்டாதீர்கள். சில்லிட்ட வயிற்றில் பால் செரிக்காது; முதலில் மெல்லச் சூடேற்றிய பிறகே பால். சமையலறைத் தராசில் தினமும் ஒவ்வொன்றையும் நிறுத்துக் குறித்து வையுங்கள். பிறந்த எடை பத்து நாளுக்குள் ஏறக்குறைய இருமடங்காக வேண்டும்; எடை ஏறாத குட்டியைத் தராசுதான் முதலில் காட்டிக்கொடுக்கும்.

ஓய்வுபெற்ற கால்நடை ஆய்வாளர் (கூடலூர்)

உற்சாகத்தைக் குலைப்பதாக எண்ண வேண்டாம். வீடின்றித் திரியும் குட்டிகள் ஏற்கெனவே ஏராளமாக இருக்கையில், இன்னும் ஆறேழு குட்டிகள் பிறக்க வேண்டுமா என்ற கேள்வியையும் கேட்டுத்தான் ஆக வேண்டும். சினையிலேயே கருத்தடை செய்வது உண்டு. ஆனால் நாள் ஏற ஏறக் கருப்பையின் இரத்தக் குழாய்கள் பருத்துவிடுவதால் இரத்தப்போக்கு அபாயம் கூடும். இதை மருத்துவரே தீர்மானிக்க வேண்டும். எனினும் கேட்காமல் விட்டுவிடாதீர்கள்.

ஈனட்டும் என்று முடிவானால், உங்கள் வீட்டு நாய்க்குத் தடுப்பூசி நிலுவை ஏதும் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். காப்பகத்திலிருந்து வரும் நாயை இரண்டு வாரமாவது அதனோடு சேர்க்கக் கூடாது. அந்த அறைக்கென்று தனிச் செருப்பு வேண்டும். குட்டிகளுக்கு உயிர்க்கொல்லி வயிற்றுப்போக்கைத் தரும் பார்வோ கிருமி மண்ணில் பல மாதம் உயிரோடு கிடக்கும். சோப்பு நீருக்குச் சாகாது, பிளீச்சிங் கரைசலுக்குத்தான் சாகும். பிறந்த முதல் நாளிலேயே எல்லாக் குட்டிகளும் சீம்பால் குடித்தனவா என்று கவனியுங்கள். புழுக்கள் தாயின் வயிற்றிலிருந்தும் பாலிலிருந்தும் குட்டிகளுக்கு வருவதால், 2 வார வயதில் தொடங்கி இரு வாரத்திற்கு ஒருமுறை குடற்புழு நீக்க வேண்டும். சத்துக்கு நல்லது என்று சினைக்காலத்தில் கால்சியம் மருந்தை ஊற்றுவது நம் ஊர்ப் பழக்கம். அது உடல் தானே கால்சியத்தை எடுத்துக்கொள்ளும் திறனை மந்தப்படுத்தி, பால் கொடுக்கும் நாட்களில் வலிப்பை வரவழைக்கக்கூடும். தாய் நடுங்கினாலோ விறைத்து நடந்தாலோ விடியட்டும் என்று காத்திராதீர்கள்.

பெருமாள்மலை (கொடைக்கானல்)

பிரசவத்தைவிடத் தத்துக் கொடுப்பதே எனக்குக் கடினமாக இருந்தது. கோடை விடுமுறைக்கு வந்தவர்கள் குட்டியைப் பார்த்ததும் காரில் ஏற்றிக்கொண்டு போகத் துடிப்பார்கள். ஊர் திரும்பிய பத்தாம் நாள், வீட்டுச் சொந்தக்காரர் சம்மதிக்கவில்லை என்று தொலைபேசியில் அழைப்பார்கள். இப்போதெல்லாம் முதல் சந்திப்பிலேயே யாருக்கும் குட்டி தருவதில்லை. 8 வாரம் முடியுமுன் தாயைவிட்டுப் பிரிப்பதும் இல்லை. மூன்றாவது வாரத்திலிருந்து பன்னிரண்டாவது வாரம்வரை குட்டி எதைப் பார்த்துப் பழகுகிறதோ அதற்கு அஞ்சாது என்பதால், குக்கர் விசில், குடை, குழந்தைகள், முதியவர்கள் என எல்லாவற்றையும் வீட்டிலேயே பழக்கிவிடுகிறேன்.

பெட்டைக் குட்டிகளை எல்லோரும் கழித்துக்கட்டுவார்கள். கருத்தடைச் செலவை நானே ஏற்கிறேன் என்றபோது சிலர் மனம் மாறியதுண்டு. இரவில் வாசலில் கட்டிப்போடும் வீட்டுக்கு மட்டும் தராதீர்கள். சிறுத்தை உலவும் மலையில் கட்டிய நாய்க்கு ஓடவும் வழியில்லை.

தேயிலைமேடு

அனைவருக்கும் நன்றி. ஐயா கூறியபடி காப்பக மருத்துவரிடம் கேட்டேன். மறுபடி ஸ்கேன் பார்த்து, 45 நாளுக்கு மேல் ஆகிவிட்டது, இனி அறுவை சிகிச்சை தாய்க்கே ஆபத்து என்று கூறிவிட்டார். வியாழக்கிழமை அழைத்துவருகிறோம். பால் மறந்ததும் தாய்க்குக் கருத்தடை செய்யவும், இடம் அமையாவிட்டால் அதை எங்களோடு வைத்துக்கொள்ளவும் கணவர் ஒப்புக்கொண்டார். ஒரே ஒரு ஐயம்: தாய் சுவரோடு அழுத்திக் குட்டி நசுங்காமலிருக்கப் பெட்டியினுள் சட்டம் அடிக்கத் தச்சர் அளவு கேட்கிறார்.

குன்னூர்க்காரி

பெட்டியின் அடித்தளத்திலிருந்து 10 சென்டிமீட்டர் உயரத்தில், நான்கு பக்கமும் அடிக்கச் சொல்லுங்கள். மரத்தை நன்றாக இழைக்கச் சொல்லுங்கள். சிராய் இருக்கக் கூடாது.