கெடா விருந்துக்குக் கலர் வாங்கறதா, மோர் கலக்கறதா?

காங்கேயத்தான்:
வர்ற ஞாயித்துக்கெழம கோயில்ல கெடா வெட்டுங்க. 200 பேர் வருவாங்க. கறி தின்னுட்டு ஆளுக்கொரு கலர் (கோலா மாதிரி பாட்டில் கூல்டிரிங்க்ஸ்) குடிச்சாத்தான் செரிக்கும்னு பங்காளிக சொல்றாங்க. பெரியவங்கள்ல நெம்பப் பேருக்கு சர்க்கரை, நெஞ்செரிச்சல் ரெண்டும் இருக்குது. கலர் நெசமாலுமே செரிக்க வெக்குதுங்களா? இல்லீன்னா வேற என்ன, எவ்வளவு வெக்கறது?

நொய்யல்கரை:
செரிக்க வெக்கறதில்லீங்க. ஏப்பம் வர்றதப் பாத்து அப்படி நெனச்சுக்கறோம். 300 மில்லி கோலாவுல ஏறக்குறைய 1 லிட்டர் கரியமில வாயுவ அழுத்தி அடைச்சிருக்காங்க. மூடியத் தெறக்கறப்பக் கொஞ்சம் போயிரும், மிச்சம் வயித்துச் சூட்டுல பிரிஞ்சு மேல வருது. ஏப்பத்துல போறது அந்த வாயுதான், கறி அங்கியேதான் கெடக்கும். கொழுப்புச் சாப்பாடு எறங்க நாலு மணி நேரத்துக்கு மேலயே ஆகலாம், கலர் குடிச்சா அது சீக்கிரம் எறங்கீராது.

நெஞ்செரிச்சல்காரங்களுக்கு இன்னும் வம்பு. வயிறு உப்புச்சுன்னா உணவுக்குழாய்க்கு அடியில இருக்கற வால்வு சித்த தளர்ந்து வாயுவ மேல விடும். அதோட புளிச்ச தண்ணியும் ஏறிக்கும். டயட் கலரும் இந்த விசயத்துல அதே கதைதான். சர்க்கரை போட்டதுல 300 மில்லிக்கு 30 கிராமுக்கு மேல இருக்கும், அதாவது ஏழெட்டு டீஸ்பூன்.

பவானி அக்கா:
மோரே வெச்சிருங்க தம்பி. ஆளுக்கு 200 மில்லின்னா 40 லிட்டர். ரெண்டாவது டம்ளர் கேக்காம இருக்க மாட்டாங்க, 50 கலக்குங்க. தயிர் 10 லிட்டர், கேன் தண்ணி 40. பிரஷர்காரங்களுக்கு உப்பில்லாம 5 லிட்டர் மொதல்லயே தனியா எடுத்து வெச்சுட்டு, மிச்சத்துக்கு 180 கிராம் உப்பு போட்டு ருசி பாத்துக்கங்க. இஞ்சி அரைக் கிலோ நசுக்கிப் புழிஞ்சு வடிகட்டி ஊத்துங்க, அப்படியே போட்டா நார் தொண்டையில மாட்டும். பெருங்காயத்த வெந்நீர்ல கரைச்சு விடுங்க, பொடியாக் கொட்டுனா கட்டி தட்டீரும். பச்சமொளகா வேண்டாம், எரிச்சல்காரங்க தாங்க மாட்டாங்க.

கெட்டுப்போறது எப்பவும் ஒரே எடத்துலதான். ராத்திரியே கலக்கி வெச்சா மத்தியானம் வாயில வெக்க முடியாது. பந்திக்கு ஒரு மணி நேரம் முன்னாடி கலக்குனாப் போதும், அது வரைக்கும் தயிர் குளிர்லயே இருக்கட்டும். பார் ஐஸ அண்டாவச் சுத்திப் போடுங்க, மோருக்குள்ள போடாதீங்க, அது எந்தத் தண்ணின்னு யாருக்குத் தெரியும்! ஈயம் பூசாத பித்தளை அண்டா ஆகாது, புளிப்புப் பட்டா களிம்பு எறங்கீரும். எவர்சில்வர்தான்.

பொள்ளாச்சி வாசி:
இயற்கைன்னு சொல்லிக்கிட்டுத் தெளுவோ (பதநீருங்க) கரும்புச்சாறோ வெச்சராதீங்க. தெளுவுல சர்க்கரை ஏறக்குறைய கலர் அளவுக்கே இருக்கு. சுண்ணாம்பு பத்தலைன்னா வெயிலேறுறதுக்குள்ள நொதிச்சுக் கள்ளாயிரும், அது வேற பஞ்சாயத்து. நன்னாரி சர்பத்தும் பாதி சர்க்கரைப் பாகுதான். இளநியில சர்க்கரை கலர்ல பாதிகூட இருக்காது, ஆனா பொட்டாசியம் நெறைய. சிறுநீரகக் கோளாறு இருக்கறவங்க டாக்டரக் கேக்காமக் குடிக்கக் கூடாது.

காங்கேயத்தான்:
கறிக்கு மேல மோர் ஆகாதுன்னு அம்மா சொல்றாங்களே? அப்பறம் பசங்க சோடா கேட்டு ரகளை பண்ணுமே?

நொய்யல்கரை:
பிரியாணிக்குத் தயிர் பச்சடி போட்டுத்தானுங்க திங்கறோம்? கறியும் மோரும் ஒண்ணுக்கொண்ணு சண்ட போடாது. பால் குடிச்சா வயிறு பொருமறவங்களுக்கும் பெரும்பாலும் மோர் ஒத்துக்கும், அதுல லாக்டோஸ்ங்கற பால் சர்க்கரை கம்மி. பசங்களுக்கு வெறும் சோடா பாதி, தண்ணி பாதி, எலுமிச்சம்பழம் அரை மூடி, உப்பு ஒரு சிட்டிகை, சர்க்கரை ஒரே ஸ்பூன். சாப்பாட்டுக்கு முன்னாடி குடுத்தா வயிறு ரொம்பி பந்தியில இலையோட எந்திரிச்சிரும்ங்க, பின்னாடி குடுங்க.

பெரியவங்கள சாப்டதும் படுக்க விடாதீங்க, ரெண்டு மூணு மணி நேரம் போகட்டும். மறுநா யாருக்காச்சும் வயித்தாலெ போனா மட்டும் கலர் குடுத்தராதீங்க. அந்தச் சர்க்கரை தண்ணியக் கொடலுக்குள்ள இழுத்து இன்னும் அதிகமாக்கும். மருந்துக்கடையில ஓ.ஆர்.எஸ். பொட்டலம் கெடைக்கலீன்னா 1 லிட்டர் சுத்தமான தண்ணிக்கு 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, ரெண்டையும் தலைதட்டி அளந்து போட்டு, கொஞ்சங் கொஞ்சமாக் குடுங்க.