மறு: ஜெல் பாலிஷ், டிப் பவுடர் – தமிழில் என்ன? (அவசரம்)

குழுவினருக்கு வணக்கம்.
அழகுக்கலைப் பயிற்சிக் கையேடு ஒன்றை மொழிபெயர்க்கிறேன். திங்கள் காலை கொடுத்தாக வேண்டும். நகப்பூச்சு என்ற சொல் புழக்கத்தில் இருக்கிறது. சிக்கல் வகைகளில்தான். சாதாரண பாலிஷில் கரைப்பான் ஆவியாகிறது, பூச்சு காய்கிறது. ஒரு வாரம் தாங்கினால் பெரிது. ஜெல் பாலிஷ் காய்வதில்லை, புற ஊதா அல்லது எல்இடி விளக்கின் கீழ்க் கெட்டிப்படுகிறது. இரண்டு வாரம் நிற்கும். டிப் பவுடருக்கு விளக்கு வேண்டாம். பசை தடவிய நகத்தைப் பொடியில் முக்கி, இறுகவைக்கும் திரவத்தைத் தடவினால் போதும், மூன்று வாரம்கூட வரும். எல்லாவற்றையும் 'நீடிக்கும் பூச்சு' என்றால் மாணவி எந்தப் புட்டியை எடுப்பாள்?
– மொ.

ஜெல் = களி. களிப்பூச்சு. முடிந்தது.
– அ.

ஐயா, களி என்றால் கேழ்வரகுதான் கண்முன் வருகிறது. அதோடு, ஜெல் என்பது புட்டிக்குள் இருக்கும் நிலை; நகத்தில் நடப்பது இறுகல். எனவே 'ஒளியிறுகு பூச்சு'. ஊறுகாய் போல வினைத்தொகை, தயவுசெய்து 'ப்' போடாதீர்கள். ஒளிபட்டு இறுகத் தூண்டும் பொருள்களுள் ஒன்றான டிபிஓவை அழகுப்பொருள்களில் ஐரோப்பிய ஒன்றியம் 2025 செப்டம்பர் முதல் தடைசெய்திருக்கிறது. பெயரில் ஒளி இருந்தால் அந்தப் பாடத்தையும் எளிதாக நடத்தலாம்.
– இ.

அரக்கு இருக்க அலைவானேன்? கடையில் 'ஷெல்லாக்' என்றுதானே கேட்கிறார்கள்? ஷெல்லாக் என்றால் அரக்கு. சிலம்பில் மாதவி சீறடிக்கு ஊட்டிய செம்பஞ்சுக் குழம்பான அலத்தகமும் வேரில் அரக்குச் சாயமே.
– வே.

வே. ஐயா, அது சிஎன்டி நிறுவனம் 2010-இல் தன் ஜெல் பாலிஷுக்கு இட்ட வணிகப் பெயர். உள்ளே அரக்கு கிடையாது. அலத்தகம் வடசொல். அரக்கையே 'லாக்ஷா' என்ற வடசொல்லோடு முடிச்சுப் போடுவோரும் உண்டு.
– இ.

முடிச்சுப் போடட்டும், அவிழ்க்கிறேன். அரத்தம், அரக்கு, இரண்டிலும் செம்மைதான் வேர்ப்பொருள்...
– வே.

டிப் பவுடர்? 'முக்குபொடி' என்று எழுதினேன். அச்சுக்கோப்பவர் 'மூக்குப்பொடி' என்று திருத்தி அனுப்பியிருக்கிறார்.
– மொ.

தோய்பொடி?
– இ.

யாழ்ப்பாணத்தில் நாங்கள் தோய்ப்பது உடுப்பை. சவர்க்காரத் தூள் என்று நினைத்துவிடப் போகிறார்கள்.
– சு.

ஞாயிறு இரவு 11 மணி. ஒளியிறுகு பூச்சு, தோய்பொடி என்று போட்டு, பக்கத்திலேயே ஜெல் பாலிஷ், டிப் பவுடர் என்றும் எழுதிவிட்டேன். எங்கள் தெரு பார்லர் அக்காவிடம் படித்துக் காட்டினேன். "ஒளியிறுகா? ஜெல்லுன்னு சொல்லும்மா" என்றார். சு. அண்ணா, மன்னிக்கவும்.
– மொ.

அரக்கைக் கைவிட்டதை நான் ஏற்கவில்லை என்று பதிவு செய்கிறேன். 'அரத்தம்' பற்றி நாளை விரிவாக.
– வே.