மூடில் தளப் பதிவுகளும் மாணவர்கள் படிக்கும் நேரமும்: சேலத்து அனுபவங்கள்

வணிகவியல் ஆசிரியர், சேலம்:

எங்கள் கல்லூரியில் மூடில் என்ற இணையவழிக் கற்றல் தளத்தை 2020 ஊரடங்கின்போது அவசர அவசரமாக நிறுவினார்கள். பாடக் கோப்புகளை அதில் ஏற்றிவிட்டால் கடமை முடிந்தது என்று எங்களில் பலரும் இருந்துவிட்டோம். சென்ற பருவ முடிவில்தான், அடக்கவிலைக் கணக்கியல் பாடத்தை மாணவர்கள் எப்படிப் பயன்படுத்தினார்கள் என்று அறிய விரும்பி, தளம் தானாகவே எழுதி வைக்கும் பதிவுகளை எக்செல் கோப்பாக இறக்கிக்கொண்டேன். யார், எந்தப் பக்கத்தை, எத்தனை மணிக்குத் திறந்தார் என்பது வரிக்கு வரி இருந்தது. மணிவாரியாகப் பிரித்தால், அதிகாலை 4.30 முதல் 5.30 வரைதான் கூட்டம் மிகுதி. பிரம்ம முகூர்த்தத்தில் எழுந்து படிக்கும் பிள்ளைகள் என்று துறைக் கூட்டத்தில் பெருமையாகச் சொல்லியும் விட்டேன்.

அவை கிரீன்விச் நேரங்கள் என்று பிறகு தெரிந்தது. தளத்தை நிறுவியவர்கள் நேர மண்டலத்தை மாற்றவே இல்லை. ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டினால் காலை 10 மணி, அதாவது நானே ஆய்வகத்தில் உட்காரவைத்து நடத்திய வகுப்பு! ஒப்படைப்புக்கு இரவு 11.59 என்று நான் வைத்த கெடுவும் மறுநாள் காலை 5.29 வரை திறந்தே கிடந்திருக்கிறது. மாணவர்கள் இதை இரண்டாம் வாரமே கண்டுபிடித்துவிட்டார்கள். ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, "சொன்னா சரி பண்ணிடுவீங்களே சார்" என்றான் ஒருவன்.

அதே கோப்பில் என் கணக்கும் இருந்தது. கருத்தாடல் பகுதியை நான் பருவம் முழுவதிலும் மூன்றே முறை திறந்திருக்கிறேன். மாணவர்கள் கேட்ட இரண்டு கேள்விகள் பதிலின்றிக் கிடந்தன. மார்ட்டின் டூகியாமாஸ் 2002இல் வெளியிட்ட இந்த மென்பொருள், கற்போர் ஒருவரோடொருவர் பேசிச் சேர்ந்து கற்பதை எண்ணி உருவாக்கப்பட்டது. நாங்கள் அதைப் பரணாகத்தான் வைத்திருந்தோம்.

முன்னாள் மாணவி, ஏற்காடு:

நான் வேறொரு கல்லூரியில் 2022இல் பட்டம் முடித்தேன். அங்கே தளத்தைக் குறைவாகப் பயன்படுத்துவோர் பட்டியலில் என் பெயர் எப்போதும் முன்னால் வரும். 2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரை கல்லூரி மாணவர்களுக்கு அரசு நாளொன்றுக்கு 2 ஜிபி டேட்டா இலவசமாகத் தந்தது. ஆனால் எங்கள் காப்பித் தோட்டத்துப் பக்கம் டேட்டா இருந்தும் சிக்னல் கிடைக்காது. ஆகவே தோழிகள் ஐவரில் ஒருத்தி கோப்பை இறக்கி வாட்ஸ்அப்பில் அனுப்புவாள். மற்ற நால்வரும் கீழே சேலத்தில் இருக்கும்போதே அதைக் கைப்பேசியில் சேமித்துக்கொண்டு, 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து வீடு சேர்ந்த பிறகு படிப்போம். தளத்தின் கணக்குப்படி அந்தப் பாடத்தைப் படித்தவள் ஒருத்திதான். அகமதிப்பீட்டில் 'ஈடுபாடு' என்று மதிப்பெண் ஒதுக்கியபோது அந்த ஒருத்திக்கு முழு மதிப்பெண் கிடைத்தது, எங்களுக்குப் பாதி. அவளே எங்களுக்காக ஆசிரியையிடம் போய் வாதாடினாள், மதிப்பெண் மாறவில்லை.

கணினி ஆய்வகப் பொறுப்பாளர், சேலம்:

மேலே ஆசிரியர் கூறிய பதிவில், ஒரு பக்கம் திறக்கப்பட்ட நேரம் இருக்குமே தவிர, எவ்வளவு நேரம் படிக்கப்பட்டது என்பது இராது. 10.02க்கு ஒரு பக்கமும் 10.40க்கு அடுத்ததும் திறக்கப்பட்டிருந்தால், இடைப்பட்ட 38 நிமிடங்களில் மாணவர் தேநீர் குடிக்கவும் போயிருக்கலாம். எந்த இணைய இணைப்பிலிருந்து திறந்தார்கள் என்பதைக் காட்ட அதே பதிவில் இருக்கும் ஐபி எண்ணிலும் கவனம் தேவை. கைப்பேசி நிறுவனங்கள் பல வாடிக்கையாளர்களை ஒரே பொது எண்ணின் வழியாக இணையத்துக்கு அனுப்புவது வழக்கம். இதை அறியாத ஆசிரியர் ஒருவர், இணையவழித் தேர்வில் மூன்று மாணவர்களுக்கு ஒரே எண் பதிவாகியிருந்ததைக் கண்டு, ஓரிடத்தில் உட்கார்ந்து பார்த்தெழுதினார்கள் என்று விசாரணைக்கு அழைத்தார். விசாரித்தால், ஒருவர் ஆத்தூரிலும், ஒருவர் மேட்டூரிலும், மூன்றாமவர் சங்ககிரியிலும் அவரவர் வீட்டில் இருந்தே எழுதியிருக்கிறார்கள்.